துத்தச் சுவரும் எமல்ஷன் சுவரும்

பழனி அடிவாரத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் இப்போது விரும்பிக் கேட்கும் நிறங்களில் ஒன்று வெளிறிய நீலப்பச்சை. பெயிண்ட் கடையில் நிற அட்டையைக் காட்டினால் இயந்திரம் கலந்து தந்துவிடும். இந்தச் சாயல் நம் சுவர்களுக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைக் கரைத்து ஊற்றும் வழக்கம் இருந்தது. பூஞ்சையும் பூச்சியும் அண்டாது என்பதற்காகப் போட்டது, நிறத்தையும் கொடுத்தது.

விவசாயிகளுக்கு இந்தக் கலவையை விளக்க வேண்டியதில்லை. 1885இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்தே திராட்சைக் கொடிக்கு எழுதிக்கொடுத்த போர்டோ கலவைதான் இது. ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஒரு சதவீதக் கலவை. பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு இதைத்தான் இன்னும் நீர்க்கக் கலந்து தெளிக்கிறார்கள். இரும்பு வாளியில் துத்தம் கரைக்கக் கூடாது, வாளியை அரித்துவிடும். பளபளவென்று தீட்டிய அரிவாளைக் கலவையில் முக்கி எடுத்தால், சுண்ணாம்பு போதாதபோது அதில் செம்பு சிவப்பாகப் படியும்.

பெயிண்ட் கடையில் கலந்து தரும் எமல்ஷன் டப்பாவில் இருக்கும் நீலமும் பச்சையும் பெரும்பாலும் தாலோசயனின் வகை நிறமிகள். இந்த வகை 1928இல் ஸ்காட்லாந்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் தற்செயலாகக் கண்ணில் பட்டது, இதன் நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. இந்த நிறமிகளின் மூலக்கூறு நடுவிலும் செம்புதான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இரண்டு சுவர்களிலும் நிறத்துக்கு வேர் ஒன்றே. வேறுபடுவது அந்த நிறத்தைச் சுவரில் பிடித்து நிறுத்தும் பொருள்.

அங்கேதான் கவனிக்க வேண்டியது அதிகம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது, நுண்துளைகள் மூடுவதில்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய பழைய சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தத் துளைகள் வழியே வெளியே விட்டுவிடும். அதே சுவரில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். உப்பு பூத்து, முழங்கால் உயரம்வரை கொப்பளித்து, தகடு தகடாக உரியும். பெயிண்ட் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. சுவருக்கு ஒவ்வாததைப் பூசியதுதான் காரணம்.

நிறம் கண்ணுக்குத் தெரிகிற விதமும் வேறு. துத்தச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அழுத்தமான நீலம். காய்ந்தால் பாதிக்குமேல் வெளுத்துவிடும். மட்டை போன தடம் மேகம்போல் மங்கித் தெரியும். எமல்ஷன் காய்ந்தபின் சற்று அழுத்தமாகும். மூலைக்கு மூலை ஒரே நிறம். சிவப்பு ஆக்சைடு தரையும் தேக்குக் கதவும் உள்ள வீட்டில் இரண்டுமே அழகுதான், சிவப்புக்கு எதிர்நிறம் என்பதால். வெள்ளை டைல்ஸும் ட்யூப்லைட்டும் உள்ள கூடத்தில் எமல்ஷன் நீலப்பச்சை மருத்துவமனை வார்டாகிவிடும். மஞ்சள் பல்பு போட்டால் பச்சை மேலோங்கி இதமாகும். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும்.

எமல்ஷனுக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். எண்ணெய்க் கறையைத் துடைக்க முடியாது. சமையலறைக்கும் குழந்தைகள் கிறுக்கும் சுவருக்கும் எமல்ஷன்தான் சரி. சிமெண்ட் பூச்சின்மேல் பட்டி பார்த்த புதுவீட்டுச் சுவரில் சுண்ணாம்பு நிற்கவும் நிற்காது. துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கலப்பவர் கையுறை போட வேண்டும், மிச்சத்தைக் குளத்தில் கொட்டக் கூடாது.

குளிர்ந்த நிறம் என்பதால் பழனியின் சித்திரை வெயிலில் அறை குளிர்ந்துவிடாது. உள்சுவரின் நிறம் சூட்டைக் குறைப்பதில்லை. கண்ணுக்கு ஆறுதல், அவ்வளவுதான். சூடு குறைய மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: காரைச் சுவர் என்றால் சுண்ணாம்பு, சிமெண்ட் சுவர் என்றால் எமல்ஷன். எதுவானாலும் இரண்டடிச் சதுரம் பூசிக் காயவிட்டு, பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்துவிட்டு மீதியைப் பூசுங்கள்.