மூடி போட்ட வண்டி

பார்ப்பதற்குச் சக்கரம் பூட்டிய அண்டா மாதிரி இருக்கும். மேலே மூடிகூட உண்டு. சோவியத் நாட்டின் லூனகோத்-1. எடை 756 கிலோ. எட்டுச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார்.

இதற்கு மூத்தது ஒன்று இருந்தது. 1969 பிப்ரவரியில் கிளம்பிய அந்த வண்டி, ராக்கெட்டோடு சேர்ந்து வழியிலேயே போயிற்று. அடுத்து வந்த இது 1970 நவம்பர் 10 அன்று பைக்கனூரில் லூனா-17 கலத்தில் ஏறி, ஒரு வாரம் கழித்து நிலவில் 'மழைக்கடல்' என்ற பெயர் மட்டுமே ஈரமாக உள்ள சமவெளியில் இறங்கியது. சாய்பலகை வழியாக மெல்ல உருண்டு மண்ணைத் தொட்டது. ஆம்ஸ்ட்ராங் ஏற்கெனவே நடந்து திரும்பியிருந்தார்தான். ஆனால் வேற்று மண்ணில் ஓடிய முதல் வண்டி இதுதான்.

ஓட்டியவர்கள் கிரிமியாவில் உட்கார்ந்திருந்த ஐவர் குழு. வண்டி அனுப்பியது ஓடும் படமல்ல, சில விநாடிகளுக்கு ஒன்றாக வரும் நிழற்படம். கட்டளை போய்ப் பதில் வர இரண்டரை விநாடி. திரையில் தெரிகிற பள்ளம் எப்போதுமே கொஞ்சம் பழைய பள்ளம்! நம் ஊர் ஓட்டுநர் யாரும் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனக்குப் பிடித்தது அந்த மூடிதான். அதன் உட்பக்கம் சூரியத் தகடுகள். நிலவின் பகல் இரண்டு வாரம். அதுவரை திறந்து வைத்து வெயில் காயும். பொழுது சாய்ந்தால் சாத்திக்கொண்டு, பொலோனியம் தரும் சூட்டில் இரண்டு வார இரவைக் கழிக்கும். மூன்று பகல் தாங்கினால் போதும் என்று செய்தார்கள், பதினொன்று தாங்கியது. பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 1971 செப்டம்பரில் பேச்சை நிறுத்தியது.

அதன் முதுகில் பிரான்ஸ் செய்து கொடுத்த கண்ணாடி ஒன்று இருந்தது. லேசர் ஒளி பட்டால் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஆனால் வண்டி நின்ற இடம் துல்லியமாகத் தெரியாததால், ஒளி வீசியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பதிலே இல்லை. 2010இல் நாசாவின் சுற்றுக்கலம் எடுத்த படத்தில் சிறு புள்ளியாக அகப்பட்டது. அந்த ஏப்ரலில் நியூ மெக்சிகோவிலிருந்து இயற்பியலாளர் டாம் மர்ஃபியின் குழு லேசர் அடித்தது. முதல் முயற்சியிலேயே சுமார் 2,000 ஃபோட்டான்கள் திரும்பின.

கண்ணாடிக்கு மின்சாரம் வேண்டாம். நிலவின் தூரத்தை அளக்க அது இன்னும் பயன்படுகிறது.