லயத்து அறைக்குள் ஒரு கணினி

வீட்டுக்கு ஒரு கணினி வாங்க நினைப்போரிடையே இப்போது அடிக்கடி எழும் கேள்வி, ‘ஆல் இன் ஒன்’ கணினியை வாங்கலாமா என்பதே. திரை, செயலி, நினைவகம், ஒலிபெருக்கி, ஒளிப்படக்கருவி அனைத்தையும் ஒரே உடலுக்குள் அடக்கிய மேசைக்கணினி அது. கடைக்காரர் அதன் வேகத்தைச் சொல்வார், திரையின் அளவைச் சொல்வார். எந்த வீட்டுக்கு என்பதை மட்டும் அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. வீடு என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பது அவருடைய எண்ணம்.

ஊவா மாகாணத்தின் எல்ல, தெமோதரை, பண்டாரவளை, பசறை, லுணுகலை வட்டாரங்களில் அந்த எண்ணம் செல்லாது. எல்ல நகரத்துச் சுற்றுலா விடுதியும், அதற்கு மேலே மலைச்சரிவிலுள்ள தோட்டத்து லயமும் ஒரே மழையில் நனைகின்றன. ஆனால் அவை இரண்டும் இருவேறு வரலாறுகள் கட்டிய வீடுகள். ஆகவே கணினியை மதிப்பிடுமுன் கணினியின் வரலாற்றையும் வீட்டின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் கணினி. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைப்பது புதிய யோசனையன்று. 1977-இல் கொமடோர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பெட்’ கணினியில் திரை, விசைப்பலகை, ஒலிநாடாக் கருவி மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருந்தன. 1984 ஜனவரி 24-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய மெக்கின்டோஷ் 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையும் 128 கிலோபைட் நினைவகமும் கொண்டது. விலை 2,495 அமெரிக்க டொலர். 1998 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஐமேக், பெட்டியைத் திறந்து இரண்டொரு கம்பிகளைச் செருகினால் இணையத்துக்குப் போகலாம் என்ற வாக்குறுதியோடு வந்தது. 2004-இல் கணினி முழுவதும் தட்டையான திரையின் முதுகுக்குப் பின்னே போய் ஒளிந்துகொண்டது. இன்று பல நிறுவனங்கள் விற்கும் ஆல் இன் ஒன் கணினிகள் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்கள்.

மெலிவுக்கு ஒரு விலை உண்டு. இடம் குறையக் குறைய, உள்ளே மடிக்கணினிக்குரிய சிறு பாகங்களையே வைக்க வேண்டியதாயிற்று. 2012-இல் வந்த ஐமேக்கில் திரைக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. 2021-இல் வந்த மாதிரியில் நினைவகத்தைப் பின்னாளில் கூட்டிக்கொள்ளவே வழியில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. ஆயினும் போக்கு இதுதான். இந்த வடிவத்தை ஆக்கியவர்களின் மனத்தில் இருந்த வீட்டில் தனி மேசை உண்டு, தடையில்லாத மின்சாரம் உண்டு, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கக் கூப்பிடு தூரத்தில் கடை உண்டு.

இனி இந்த மலையின் வீடு. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கையின் காப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890-இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் முடிந்தது. 1924-இல் ரயில் பதுளையை அடைந்தது. இவை யாவும் தேயிலைக்காக நடந்தவை. அதே தேயிலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, படிப்பு, நோய், சாவு அனைத்தும் அந்த ஓர் அறைக்குள். தோட்டப் பள்ளிக்கூடமும் பல இடங்களில் அப்படித்தான்: ஒரு கட்டடம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்புகளும்.

மின்சாரத்தின் கதை இன்னும் கசப்பானது. தேயிலைத் தொழிற்சாலைகளில் நீர்ச்சுழலிகளும் எஞ்சின்களும் இயங்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே லயத்துக்குள் மின்விளக்கு எரிந்தது. பல லயங்களில் அது 1990-களுக்குப் பிறகுதான் நிகழ்ந்தது. இலைக்குக் கிடைத்த வெளிச்சம் இலை பறித்தவருக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

மூன்றாவது, முகவரி. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அதன் பின்னரும் பல லயங்களுக்குத் தனி வீட்டு முகவரி இல்லை. தபால் தோட்டத்தின் பெயருக்கு வரும். அங்கிருந்து கைமாறி வரவேண்டும். பரீட்சைக் கடிதமும் வேலை நேர்முகக் கடிதமும் பிந்திக் கிடைத்த துயரம் மலையகத்தில் பழைய செய்தி. கணினிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உத்தரவாத அட்டையில் முதலில் நிரப்பவேண்டிய கட்டம் முகவரிதான். ‘வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்’ என்ற வாக்குறுதியும் முகவரியுள்ள வீட்டுக்கு அளிக்கப்படுவதே.

ஒரு விஷயத்தில் மட்டும் காலம் இவர்களுக்குச் சாதகமாக இருந்தது. 1984-இன் மெக்கின்டோஷுக்குத் தமிழ் தெரியாது. மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் போன்றோர் ஆளுக்கொரு திசையிலிருந்து உழைத்துத் தமிழைத் திரையில் ஏற்றினர். 1991-இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதை நேரடியாக ஏற்றது. 2005-இல் மெக்கின்டோஷ் இயங்குதளமும் ஏற்றது. ஆகவே, பதுளைப் பக்கத்துப் பிள்ளைக்கு இன்று கிடைக்கும் எந்தக் கணினியும் தமிழ் அறிந்தே வருகிறது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழகத்தில் தமிழ்99-உம் வழங்குவதால், எதைப் பழகுவது என்பதைப் பாடசாலையில் கேட்டுக்கொண்டால் போதும்.

இப்போது மதிப்பீட்டுக்கு வருவோம்.

இடம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் ஆல் இன் ஒன் கணினியே வெல்லும். காம்பராவில் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி, மேலே ஒரு திரை, நடுவே கம்பிக்கூட்டம் என்று வைக்க இடமேது? ஒரே கம்பி, ஒரே செருகி போதும் என்பதும் நன்மை. பெரிய திரையை மூன்று பிள்ளைகள் ஒருசேரப் பார்க்கலாம். விடுதியின் வரவேற்பு மேசைக்கு இது பொருத்தமாக இருப்பதன் காரணமும் இதுவே.

மின்சாரம் என்று வந்தால் நிலைமை மாறுகிறது. பொதுவாக இவ்வகைக் கணினிக்குள் மின்கலம் கிடையாது. மின்சாரம் போன நொடியில் சேமிக்காத வேலையும் போய்விடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்கள் போய்விட்டாலும் மலையில் மழையும் மரக்கிளையும் மின்கம்பியை விட்டுவைப்பதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி மின்னல் இங்கு வழக்கம். யூ.பி.எஸ். எனப்படும் மின்சேமிப்புப் பெட்டியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். மின்னல் நேரத்தில் அதுவும் முழுக் காப்பு அன்று; செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவதே காப்பு.

அடுத்தது, எடுத்துச் செல்லுதல். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைபேசிக்கு வந்தன. 2021-இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. மேசையோடு பிணைந்த கணினி பாறை ஏறாது. மடிக்கணினி ஏறும், உறவினர் வீட்டுக்கும் மாலை வகுப்புக்கும் போய்வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பழுது. தனிப் பெட்டியும் தனித் திரையும் கொண்ட பழைய பாணிக் கணினியில் திரை போனால் இன்னொரு திரையை இரவல் வாங்கலாம். மின்வழங்கி போனால் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஆல் இன் ஒன் கணினியில் ஒன்று போனால் அனைத்தும் மேசையைவிட்டு இறங்கும். பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை பிள்ளை காத்திருக்கும். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதத்தில் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் அப்போது கிடைத்தது 33,750 ரூபாய். அதிலும் கழிவுகள் இருந்தன. தரமான புதுக் கணினி எதுவாயினும் இதன் பல மடங்கு விலை. இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பொருள் ஒரு சிறு பாகத்தின் பொருட்டு முழுதாக முடங்குவதை அந்தக் குடும்பம் தாங்காது.

ஆகவே, லயத்து அறையில் வாழும் குடும்பத்துக்கு என் பரிந்துரை மடிக்கணினி. பணம் போதாதென்றால், கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிற்கும் பழைய மேசைக்கணினியும் தனித் திரையும். ஆல் இன் ஒன் வேண்டாம்.

இந்திய உதவியோடும் அரசுத் திட்டங்களிலும் 7 பேர்ச் நிலத்தில் கட்டப்பட்ட புதிய தனிவீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் நிலை வேறு. அங்கே கூடம் உண்டு, அறை உண்டு, மேசை போட மூலை உண்டு. அவர்கள் ஆல் இன் ஒன் கணினியைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஆனால் மூன்றைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் கழற்றி மாற்ற முடியுமா? கணினிப் பகுதி பழுதானாலும் திரையை மட்டும் வேறு கருவியுடன் இணைத்துப் பயன்படுத்த வழியுண்டா? பழுது பார்ப்பவர் பதுளை மாவட்டத்துக்குள் இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் பணத்தை எடுக்கலாம்.

தொராண்டோவிலோ இலண்டனிலோ சென்னையிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள பிள்ளைக்குக் கணினி வாங்கி அனுப்ப விரும்பும் அன்பர்கள் பலருண்டு. நல்ல நோக்கம், அது வளரவேண்டும். பணம் கட்டுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எந்தச் செயலி வேண்டும் என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம். மேசை இருக்கிறதா, செருகி எந்தச் சுவரில் இருக்கிறது, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், தபால் யார் கையில் வருகிறது என்று கேளுங்கள். எந்தக் கணினி என்பது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.