மன்னிப்புத் தீர்மானமும் ஐம்பதாயிரம் டாலரும்

அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவு தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவை. அது எதற்காகப் பிறந்தது என்று கேட்டால் 'ஊழியத்துக்காக' என்று சொல்லுவாங்க. பொய்யில்லை. அடிமைகளை வைத்திருப்பவன் ஊழியக்காரனாகப் போகலாமா என்பதுதான் அன்றைய சண்டையே.

1844இல் ஜேம்ஸ் ரீவ் என்ற அடிமை உடைமையாளரை மிஷனரியாக நியமிக்கும்படி ஜார்ஜியா பாப்டிஸ்டுகள் உள்நாட்டு மிஷன் சங்கத்திடம் கேட்டார்கள். சங்கம் ஏற்கவில்லை. அலபாமாக்காரர்கள் வெளிநாட்டு மிஷன் வாரியத்திடம் நேராகவே கேள்வி வைத்தார்கள். அடிமைமுறைக்கு ஒப்புதல் தருவதாக ஆகிவிடும் எதற்கும் உடன்பட முடியாது என்று பதில் வந்தது. 1845 மே மாதம் ஆகஸ்டா நகரில் கூடித் தனியாகப் பிரிந்தார்கள். வடக்கத்தியாரை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அதுவரை அடிமை உடைமையாளர்களைத் தலைவர் நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தவர்கள்தான் அவர்களும்.

வேதத்தை அதற்கு முன்பே வளைச்சாச்சு. 1822இல் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பர் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டி டென்மார்க் வெசி உட்பட 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்நகரின் பாப்டிஸ்ட் போதகர் ரிச்சர்ட் ஃபர்மன், அடிமை வைத்திருப்பதற்கு வேதத்தில் இடமுண்டு என்று அதே ஆண்டு ஆளுநருக்கு எழுதினார். நோவாவின் சாபத்தைக் கறுப்பர் தலையில் கட்டியவர்களும் உண்டு. (ஆதியாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். சபிக்கப்பட்டவன் காம்கூட இல்லை, அவன் மகன் கானான். வேதம் படிச்சவங்களுக்கு இது தெரியாதா?)

பாப்டிஸ்டுகளின் பெருமையே முழுக்கு ஞானஸ்நானம்தான். 1851இல் ஜே. ஆர். கிரேவ்ஸ் தலைமையில் கிளம்பிய லேண்ட்மார்க் இயக்கத்தார், பாப்டிஸ்ட் சபையைத் தவிர மற்றது எதுவும் சபையே இல்லை, வேறு சபைப் போதகனைப் பிரசங்க மேடையில் ஏற்றக்கூடாது என்றார்கள். யார் கையால் முழுக்கியது என்று அத்தனை துருவினார்கள். முழுகி எழுந்தவனைச் சந்தையில் விற்கலாமா என்று துருவவில்லை.

விற்றார்கள். புருஷன் ஒரு பண்ணைக்கு, பெண்டாட்டி வேறொரு பண்ணைக்கு. இருவரும் சபையார். அங்கே வேறொருவரோடு சேர்த்துவைத்தால் அது விபச்சாரம் ஆகாதா? 1835இல் இந்தக் கேள்வி சவான்னா ஆற்றுப் பகுதி பாப்டிஸ்ட் சங்கத்தின் முன் வந்தது. விற்றுப் பிரிப்பது சாவு பிரிப்பதற்குச் சமம், ஆகவே மறுமணம் செய்யலாம் என்று முடிவு சொன்னார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படிந்து நடப்பவர்களைச் சபை தண்டிக்கக்கூடாதாம். உயிரோடிருக்கும் புருஷன் செத்தவன். சர்ச்சில் தனி பெஞ்சும் தனிக் கல்லறையும் பார்த்துப் பழகிய நமக்கே இதைப் படிக்கையில் வயிறு எரிகிறது.

அதே வேதத்தைக் கறுப்பர்கள் வேறு மாதிரி படித்தார்கள். பிரசங்கம் செய்ததற்காகச் சவுக்கடி பட்ட ஆண்ட்ரூ பிரையன் 1788இல் சவான்னாவில் கறுப்பர் சபையை நிறுத்தினார். 1831 கிறிஸ்துமஸ் சமயம் ஜமைக்காவில் அடிமைகளைத் திரட்டிய சாம் ஷார்ப் ஒரு பாப்டிஸ்ட் டீக்கன். 1832இல் தூக்கிலிட்டார்கள். அந்த எழுச்சிக்குப் பெயரே 'பாப்டிஸ்ட் போர்'.

1995இல், 150ஆம் ஆண்டில், பேரவை அட்லாண்டாவில் கூடி மன்னிப்புத் தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் நான் கேட்பது சொத்தைப் பற்றி. பேரவையின் மூத்த இறையியல் கல்லூரி லூயிவில் நகரில் இருக்கிறது. அக்கல்லூரியே 2018இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: நிறுவனர்கள் நால்வரிடமும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட அடிமைகள். 1880இல் கல்லூரி மூழ்கப்போன நேரம் 50,000 டாலர் கொடுத்துக் காப்பாற்றியவர் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜோசப் பிரௌன். கைதிகளை, பெரும்பாலும் கறுப்பர்களை, அரசிடம் குத்தகைக்கு எடுத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பிழிந்து சம்பாதித்த ஆள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 15 வருஷம் ஆகியிருந்தது.

2019இல் லூயிவில் போதகர்கள் சிலர், அந்தச் சொத்தில் ஒரு பங்கை அதே ஊரின் கறுப்பர் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். 2020இல் கறுப்பின மாணவர் உதவித்தொகைக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். பிரௌன் பெயரிலிருந்த பேராசிரியர் பதவியின் பெயரை எடுத்தார்கள். கட்டடங்களில் இருக்கும் நிறுவனர்களின் பெயர்களை எடுக்க மாட்டோம் என்றும் அப்போதே முடிவு செய்தார்கள்.