செத்த கம்பியும் சிவப்புக் கோடும்

கலிபோர்னியாவில் காட்டுத்தீ என்றால் நம் செய்தித்தாள்கள் எரியும் மாளிகை ஒன்றின் படத்தைப் போடும், பக்கத்தில் காலநிலை மாற்றம் பற்றி நான்கு வரி எழுதும். காலநிலை மாற்றம் உண்மைதான். ஆனால் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் மட்டும் தீப்பிடித்துவிடாது, பொறி ஒன்று வேண்டும். அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே அதிகம் பேரைக் கொன்ற காட்டுத்தீயின் பொறி, ஒரு மின்கோபுரத்தில் தேய்ந்து அறுந்த இரும்புக் கொக்கியிலிருந்து வந்தது.

அங்குள்ள மின் நிறுவனங்கள் பேரிடருக்குத் திட்டமே போடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பக்கம் பக்கமாகப் போட்டார்கள். அந்தத் திட்டங்களில் எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள், யாருடைய வீட்டு வாசலில் போய் அது முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

2007 அக்டோபரில் சான் டியாகோ வட்டாரத்தில் மின்கம்பிகளிலிருந்து கிளம்பிய தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் அதன் பிறகு ஒரு யோசனையோடு வந்தது: பலத்த காற்று வீசும் நாளில் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடலாம். புயல் கரையைக் கடக்கும் முன் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்துவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. அங்கே அது பெரிய வழக்கானது. மின்சாரம் இல்லாவிட்டால் தண்ணீர் மோட்டார் ஓடாது, தொலைபேசி வேலை செய்யாது, மூச்சுக்கருவியோடு வாழ்பவர் என்ன செய்வார் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேட்டன. 2009இல் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் மறுத்தது, 2012இல் கடைசி வழியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று இறங்கி வந்தது. நிறுவனம் வானிலை நிலையங்களை நிறுவி, காற்றை அளந்து, கம்பிகளைத் தனித்தனித் துண்டுகளாக அணைக்கக் கற்றுக்கொண்டது. உருப்படியான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். 2007 தீயின் இழப்பீட்டில் 37.9 கோடி டாலரை மக்களின் மின்கட்டணத்தில் ஏற்ற அனுமதி கேட்டு அதே நிறுவனம் வந்து நின்றதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2017இல் ஆணையம் அதை மறுத்தது.

வடக்கே பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற பெரிய நிறுவனம். ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மின்சாரம் தருவது. 2018 நவம்பர் 8 காலையில், மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் கரிபூ - பலெர்மோ என்ற உயர் அழுத்தத் தடத்தில் கொக்கி அறுந்தது. கம்பி கோபுரத்தில் உரச, பொறி பறந்தது. சில மணி நேரத்தில் பாரடைஸ் என்ற ஊரே இல்லை. 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், வண்டி இல்லாதவர்கள், படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

அந்தத் தடம் 1921இல் அமைக்கப்பட்டது. வேறொரு நிறுவனம் கட்டியது, 1930இல் இவர்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காற்றில் ஆடி ஆடி, கொக்கியின் இரும்பை அது தொங்கிய துளையே தின்றிருந்தது. 2001க்குப் பிறகு அந்தக் கோபுரத்தில் ஒருவர் ஏறிப் பார்த்ததற்கான பதிவு இல்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞரின் விசாரணை சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த வாரம் நிறுவனத்திடம் திட்டம் இருந்தது. காற்று பலமாக இருக்கும், மின்சாரம் நிறுத்தப்படலாம் என்று இரண்டு நாள் முன்பே மக்களுக்கு அறிவிப்பும் போயிருந்தது. கடைசியில் நிறுத்தவில்லை. சரி, நிறுத்தியிருந்தால்? அப்போதைய திட்டம் 70 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்குத்தான். இந்தத் தடம் 115 கிலோவோல்ட். வீட்டு வாசலில் போகும் கம்பியை அணைப்பதற்குத் திட்டம் வைத்திருந்தார்கள். மலைமேல் இற்றுக்கொண்டிருந்த நூற்றாண்டுக் கோபுரம் அந்தத் திட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

2020 ஜூனில் நீதிமன்றத்தில் 84 பேரின் சாவுக்கு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பெயராக வாசித்து, இறந்தவரின் படத்தைக் காட்டினார்கள். தலைமை அதிகாரி பில் ஜான்சன் ஒவ்வொரு பெயருக்கும் குற்றத்தை ஏற்பதாகச் சொன்னார். 84 முறை. அபராதம் ஏறத்தாழ 35 லட்சம் டாலர். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. கம்பெனியைக் கம்பிக்குள் தள்ள முடியாதே! திவால் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1,350 கோடி டாலர் என்று முடிவானது. அதில் பாதி நிறுவனத்தின் பங்குகளாகவே கொடுக்கப்பட்டது. வீட்டை எரித்தவனின் கடை நன்றாக ஓடினால்தான் எரிந்தவனுக்கு முழுக் காசு.

அடுத்த ஆண்டு ஊசல் மறுபக்கம் போனது. 2019 அக்டோபரில் நிறுவனம் லட்சக்கணக்கான இணைப்புகளை அணைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் இருட்டில் இருந்தார்கள். எந்தத் தெரு அணையும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய இணையதளம் அன்று முடங்கிப்போனது. மருத்துவக் கருவிகளை நம்பி வாழ்கிறோம் என்று பதிவு செய்து வைத்திருந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முன்னறிவிப்பே போகவில்லை என்று ஆணையம் பின்னர் கண்டறிந்து 10.6 கோடி டாலர் தண்டம் விதித்தது. வசதியுள்ளவர் ஜெனரேட்டர் வாங்கினார். மற்றவர் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த உணவையும் இன்சுலினையும் இழந்தார். 2009இல் மாற்றுத்திறனாளிகள் கேட்ட கேள்விக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் பதில் இல்லை.

அவ்வளவு இருட்டாக்கியும் தீ வந்தது. அதே அக்டோபரில் சோனோமா மாவட்டத்தில் கின்கேட் தீ 77,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. வீடுகளுக்குப் போகும் கம்பிகளை அணைத்துவிட்டு, 230 கிலோவோல்ட் தடத்தை மட்டும் உயிரோடு விட்டிருந்தார்கள். அதில் அறுந்த இணைப்புக் கம்பி, மூடப்பட்டுப் பல ஆண்டுகளான ஒரு புவிவெப்ப மின்நிலையத்துக்கானது. யாருக்கும் பயன்படாத கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 12.5 கோடி டாலர் தண்டம்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் இல்லாத பழைய கம்பி தீ மூட்டும் என்பது 2019இலேயே தெரிந்த செய்தி. அதற்கு முன்பே 2018இன் சட்டம் ஒவ்வொரு மின் நிறுவனமும் காட்டுத்தீத் தடுப்புத் திட்டத்தை எழுதித் தர வேண்டும் என்றது. 2019இன் சட்டம் 2,100 கோடி டாலர் நிதியத்தை உருவாக்கியது. பாதி பங்குதாரர் பணம், பாதி மின்கட்டணம் கட்டுபவர் பணம். திட்டம் ஒப்புதல் பெற்றால் நிறுவனத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் கையில் இருந்தால், தீப்பிடித்த பிறகு நிறுவனம் தவறு செய்தது என்று ஐயத்தை எழுப்பும் பொறுப்பு எதிர்த்தரப்பின் தலையில் விழும். முதலாளிக்குக் குடையை அரசே பிடித்தது.

இப்போது தெற்கே, லாஸ் ஏஞ்சல்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஆல்டடீனாவுக்குப் போக வேண்டும். அதற்கு முன், அங்கே யார் எப்படிக் குடியேறினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்புக்குள் கடன் கிடைக்காது. வெளியே வாங்கலாம் என்றால், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று 1948இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வீட்டு வணிகத்தில் பாகுபாடு 1968இல்தான் சட்டப்படி குற்றமானது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த நாட்டில் பிறந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்து நகரமான பாசடீனாவில் நெடுஞ்சாலை போடக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். அந்தக் குடும்பங்கள் பல ஆல்டடீனாவின் மேற்குப் பகுதியில் வீடு வாங்கின. லேக் அவென்யூ என்ற சாலைக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே கறுப்பினத்தார். 1960இல் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லாத கறுப்பின மக்கள் 1980இல் 43 விழுக்காடு ஆனார்கள். அங்கே கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு சொந்த வீட்டில் வாழ்ந்தன. அமெரிக்கா முழுவதும் பார்த்தால் அதில் பாதியளவே. ஒரு தலைமுறை ரத்தம் சுண்டச் சேர்த்த சொத்து அது.

2025 ஜனவரி 7 மாலை, ஈட்டன் பள்ளத்தாக்கில் சதர்ன் கலிபோர்னியா எடிசன் நிறுவனத்தின் மின்கோபுரங்களுக்கு அடியில் தீ தெரிந்தது. காற்று சூறையாக வீசியது. அந்த வட்டாரத்தில் சில பகிர்மானக் கம்பிகளை எடிசன் அணைத்திருந்தது. மலைமேல் போகும் உயர் அழுத்தத் தடங்கள் உயிரோடு இருந்தன, காற்று அதற்கான வரம்பை எட்டவில்லை என்றார்கள். அந்தத் தடங்களுக்கு அருகிலேயே 1971 முதல் பயன்படுத்தாத ஒரு தடமும் நின்றது. பக்கத்தில் உயிருள்ள கம்பி இருந்தால், செத்த கம்பியிலும் மின்தூண்டலால் மின்சாரம் ஏறும். பள்ளி இயற்பியல் பாடம்தான். தீ இப்படித் தொடங்கியிருக்கக்கூடும் என்பதை எடிசன் தலைமையே முதன்மையான விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஏன் அகற்றவில்லை? எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்று வைத்திருந்தோம் என்பது பதில். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக! 2018 தீக்குப் பிறகு இதே நிறுவனம் ஆயிரக்கணக்கான மைல் கம்பிக்கு உறை போட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உறை போட்டது உயிருள்ள, சிறிய கம்பிகளுக்கு.

அன்றிரவு லேக் அவென்யூவின் கிழக்கே மாலையிலேயே வெளியேறும் ஆணை போய்ச் சேர்ந்தது. மேற்கே பல பகுதிகளுக்குப் பின்னிரவு 3 மணிக்கு மேல்தான் வந்தது, வீடுகள் எரியத் தொடங்கிய பிறகு. இது மின் நிறுவனத்தின் தவறல்ல, மாவட்ட நிர்வாகத்தின் தவறு. பொறி ஒருவருடையது, மௌனம் இன்னொருவருடையது, செத்தவர்கள் மட்டும் ஒரே பக்கம். முதலில் கணக்கெடுக்கப்பட்ட 17 சாவுகளும் லேக் அவென்யூவுக்கு மேற்கே நிகழ்ந்தவை. மொத்தம் 19 பேர். 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் ஏறத்தாழ பாதி அழிந்தோ பெரும் சேதமடைந்தோ போயின என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மற்றவர்களின் வீடுகளில் இது நூற்றுக்கு 37.

2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டமும் செப்டம்பரில் அமெரிக்க ஒன்றிய அரசும் எடிசன் மீது வழக்குத் தொடர்ந்தன. நிறுவனம் ஒரு இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதில் பணம் வாங்கினால் வழக்குப் போடும் உரிமையை விட்டுவிட வேண்டும். தாத்தா கட்டிய வீட்டில் பேரன் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் கடன் முடிந்ததும் காப்பீட்டைக் குறைத்திருந்தார்கள், சிலர் விட்டேவிட்டிருந்தார்கள். வழக்கு முடியும்வரை வாடகை கொடுத்துக் காத்திருக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? எரிந்த மனைகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் கணிசமானவற்றை நிறுவனங்கள் வாங்கின. மேற்குப் பக்கத் தெருக்களில் சாம்பல் அள்ளும் வேலை முடிவதற்கு முன்பே, ஆல்டடீனா விற்பனைக்கு அல்ல என்ற அட்டைகளை மக்கள் வெற்று மனைகளில் நட்டு வைத்தார்கள்.