அட்சரேகையும் கணியமும்



இரண்டு மாதமாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. "சாருக்கு உடம்பு சரியில்லையா" என்று பலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மூட்டுவலி தவிர நலம்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் மகன் வீட்டில் இருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

அங்கே ஒரு சனிக்கிழமை காலையில் பேரன் வந்து, "பாட்டா, புதையல் எடுக்கப் போவோமா?" என்றான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் போன், சட்டைப்பையில் ஒரு பென்சில். பக்கத்துப் பூங்காவுக்குள் போனோம். போனில் ஒரு முள் திசை காட்டியது. கீழே தூரம் குறைந்துகொண்டே வந்தது. 40 மீட்டர், 12 மீட்டர், 5 மீட்டர். அதற்கு மேல் போன் உதவாது, கண்ணால்தான் தேட வேண்டும் என்றான். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பொந்தில் கைவிட்டு மாத்திரை டப்பா போல ஒன்றை எடுத்தான். உள்ளே சுருட்டிய காகிதம். அதில் வரிசையாகப் பெயர்கள், தேதிகள். எங்கள் பெயரையும் எழுதினோம். பிறகு மூடி அதே பொந்தில் வைத்துவிட்டான்.

"புதையலை எடுக்காண்டாமா லேய்?" என்றேன்.

"வேண்டாம் பாட்டா. அடுத்து வாறவங்க தேடணும்லா."

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் ஒளிந்திருக்கின்றன. இந்தக் கூட்டத்தாருக்கென்று சில பழக்கங்களும் உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இடத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மையோ நாணயமோ எடுத்தால், அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். விளையாட்டு தெரியாதவர்கள் பக்கத்தில் வந்தால் தேடுவதுபோல் காட்டிக்கொள்ளவும் கூடாது. நாயோடு ஒரு அம்மா வந்தபோது பேரன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். நானும் வானத்தைப் பார்த்தேன். 67 வயதில் இப்படி ஒரு நடிப்பு.

இந்த விளையாட்டுக்குப் பிறந்த தேதி துல்லியமாக இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துடையவை. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவைத்திருந்தார்கள். சுமார் 100 மீட்டர் தள்ளிக் காட்டும். அதிபர் கிளிண்டன் உத்தரவுப்படி 2000 மே 2 ஆம் தேதி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகனில் பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்தார். அதில் ஒரு நோட்டு, பென்சில், புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ். இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். சில நாட்களில் மைக் டீக் என்பவர் முதலில் போய்க் கண்டுபிடித்தார். அந்த மாதக் கடைசியில் இந்தப் பெயரும் வந்துவிட்டது. பக்கெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். மகன் காரில் அழைத்துப்போய்க் காட்டினான். சாலையோரம் கொஞ்சம் புல், ஒரு தகடு, அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பம் படம் எடுத்துக்கொண்டு நின்றது.

(ஒளித்துவைத்துத் தேடும் பழக்கம் அதற்கும் பழையது. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டில் 1854 இலேயே ஒரு வழிகாட்டி ஜாடி ஒன்றை வைத்து, நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போடும்படி செய்தார்.)

தகட்டின் அருகே நின்று பேரன் எண்ணை வாசித்தான். வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம். "நம்ம ஊரு எத்தனை பாட்டா?"

"குமரிமுனை 8 டிகிரி 4 நிமிடம்" என்றேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள்.

"அத யாரு அளந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. 32 வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். 8°4′ என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! யார், எப்படி அளந்தார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் பரீட்சைக்கு வராது. ஊருக்கு வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன், பாக்கி வைத்திருந்த பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி அளக்க 57 நாள் ஆயிற்று. அதற்கப்புறம் சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் கிடைக்கும். கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. மலை உச்சி, கோவில் கோபுரம் என்று உயரமான இடமாகப் பார்த்து ஏறி, கோணம் மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம்.

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தது. அப்படித் தப்பி வந்த கருவி 1808 இல் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலில் மேலே ஏற்றும்போது கயிறு தவறிச் சுவரில் மோதி நெளிந்துபோனது. லாம்ப்டன் அதைப் பிரித்துப்போட்டு, ஆறு வாரம் உட்கார்ந்து தானே நெளிவெடுத்தார். படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்னொரு கருவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1809 இல் திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்த்தார்கள். குமரிமுனைக்கு அருகே புன்னை என்று அவர்கள் குறித்த இடம்தான் அந்தப் பெரிய அளவைக் கோட்டின் தென்கோடி. அட்சரேகை 8 டிகிரி 9 நிமிடம் சொச்சம். சுசீந்திரம் கோவிலும் 8 டிகிரி 9 நிமிடம் சொச்சம்தான்! அங்கிருந்து வடக்கே இமயமலை அடிவாரம் வரை கோடு போயிற்று. லாம்ப்டன் 1823 இல் வேலையின் நடுவிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். பின்னால் வந்த எவரெஸ்ட் முடித்தார். 1830 இல் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமியின் வடிவத்தை வைத்துத்தான் நம் நாட்டின் பழைய வரைபடங்கள் வரையப்பட்டன. ஜிபிஎஸ் வேறு வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய வரைபடத்தில் உள்ள எண்ணைப் போனில் போட்டுத் தேடினால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். நம் பக்கத்தைத் தனியாக அளந்தவர்கள் வார்டும் கானரும். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர் முழுக்க அளந்து எழுதிவைத்தார்கள், நாஞ்சில் நாடும் அதில் அடக்கம்.

இதை எல்லாம் ஊர் வாட்ஸப் குழுவில் துண்டு துண்டாகப் போட்டிருந்தேன், பேரனோடு பெட்டி தேடிய படத்தையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். கடற்கரைக்காரன். சொந்தமாக ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறான். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. காரணம் சொல்லிவிடுகிறேன். அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது குமரிமுனையின் அட்சரேகையைக் கேட்டேன். தெரியவில்லை. ஸ்கேலால் அடித்துவிட்டு, "கடலுக்குப் போறவனுக்கு எதுக்குலே படிப்பு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னவன் நான்.

நெய்மீன் கொண்டுவந்திருந்தான். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "சாரே, நீங்க தேடின மாதிரி எங்கப்பா தண்ணிக்குள்ள தேடுவாரு" என்றான். அன்றைக்கு அவன்தான் ஆசிரியர்.

கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும். பார் என்பார்கள். மீன் கூடுவது அங்கேதான். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஒரு வீட்டளவு இருக்கும் பாரை எப்படிப் பிடிப்பது? கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சி. இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிற்கும்வரை கட்டுமரத்தைத் தள்ளிப்போனால் நீங்கள் ஒரு கோட்டில் இருக்கிறீர்கள். அந்தக் கோட்டை விடாமல் போய்க்கொண்டே, வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பார்க்க வேண்டும். அதுவும் ஒட்டிய இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார். இதற்குக் கணியம் என்று பெயர். ஒரு பாருக்கு ஒரு கணியம். அவன் அப்பாவுக்கு எத்தனையோ மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

இரண்டு கோடு வெட்டும் புள்ளி. லாம்ப்டன் அரை டன் கருவியோடு செய்த வேலையின் சாரமும் அதுதானே என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு லாம்ப்டனைப் பற்றிச் சொன்னேன். தஞ்சாவூரில் கருவி மோதிய கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"இப்பவும் கணியம் பாக்குதியா?"

"இல்ல சாரே. ஜிபிஎஸ்ல குத்தி வெச்சிருக்கேன். எம்பையனுக்கு மலையக் காட்டுனா இது எந்த மல எண்ணு கேக்கான்."

அப்பா மனதில் வைத்திருந்ததில் தான் போய்ப் பார்த்த பார்களின் எண்கள் மட்டும் அந்தக் கருவியில் இருக்கின்றன. போகாதவை அப்பாவோடு போய்விட்டன. முன்னால் நின்ற சில கோபுரங்களை இடித்துப் பெரிதாகக் கட்டியும் விட்டார்கள். எழுதி வைக்கலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றான். ஜியோகேச்சிங்காரர்கள் பெட்டியை ஒளித்துவிட்டு இடத்தை ஊருக்கே சொல்கிறார்கள். இவர்கள் மச்சினனிடம்கூடச் சொல்வதில்லை, வயிற்றுப்பாடு அப்படி.

கிளம்பும்போது அந்தப் பழைய பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சாரே இப்போ" என்றான். மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் பேரன் வருகிறான். நம் மாவட்டத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டுமாம். வட்டக்கோட்டை, சிதறால் எல்லாம் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்கள், அங்கே கூடாது. கடற்கரையில் அநாதையாக ஒரு டப்பாவைப் பார்த்தால் நம் ஆட்கள் முதலில் போலீஸுக்குத்தான் போன் செய்வார்கள், அதுவும் சரிதான். பெட்டியே இல்லாமல் ஒரு இடத்தின் மண்ணையும் பாறையையும் பார்த்து விடை சொல்லும் வகை ஒன்று 2004 முதல் இருக்கிறதாம். மணவாளக்குறிச்சிக் கருமணல் அதற்குப் பொருத்தம் என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன்.

வாசல்வரை போன மாணவனிடம், "பேரன் வந்தா உன் வள்ளத்துல கூட்டிட்டுப் போயி ஒரே ஒரு பாரோட கணியம் காட்டேன்" என்றேன்.

சிரித்தான். "கன்னியாகுமரிக்க அட்சரேகை கேளுங்க சாரே, சொல்லுதேன். எட்டு டிகிரி நாலு நிமிஷம். பாரு மட்டும் கேக்காதீங்க."