குறைந்த மின்சாரத்தில் நிறைந்த காற்று: மின்விசிறிகள் மாறியது எப்படி?

வழக்கமான சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ அதே அளவு காற்றை, பிஎல்டிசி எனப்படும் மோட்டார் பொருத்திய மின்விசிறி 30 வாட் அளவில் தந்துவிடுகிறது. எஞ்சிய 45 வாட்டில் பெரும்பகுதி, பழைய மோட்டாருக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது. நெடுநேரம் ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு அதன் நடுப்பகுதியைத் தொட்டால் சுடுவதற்கு இதுவே காரணம்.

பழைய விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். கம்பிச்சுருளின் காந்தப்புலம், சுழலும் பகுதியிலும் மின்னோட்டத்தைத் தூண்டினால்தான் அது சுழலும். அந்த மின்னோட்டமே வெப்பத்தையும் உண்டாக்குகிறது. பிஎல்டிசி மோட்டாரின் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தங்கள் உள்ளன. எனவே, அங்கு மின்னோட்டம் தேவையில்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் செல்ல வேண்டும் என்பதைச் சிறிய மின்னணுச் சுற்று தீர்மானிக்கிறது.

காற்றின் இயல்பும் இதில் முக்கியமானது. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றின் அளவும் பாதியாகும். ஆனால் இறக்கைகளைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். சிறிய இறக்கையை விரைவாகச் சுழற்றுவதைவிட, பெரிய இறக்கையை மெதுவாகச் சுழற்றுவது சிக்கனம் என்பதற்கு இதுவே அடிப்படை. ரயில் நிலையங்களிலும் கிடங்குகளிலும் காணப்படும் 7 மீட்டர் வரை விட்டம் கொண்ட ராட்சத விசிறிகள் இவ்வாறே இயங்குகின்றன. ஆனால், இந்தச் சலுகை பழைய வீட்டு விசிறிக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. பெட்டி வடிவ ரெகுலேட்டர், குறைத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தானே வெப்பமாக்கிவிடும். மின்னணு ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு என்றாலும், குறைந்த வேகத்தில் தூண்டல் மோட்டாரின் திறன் மேலும் குறைகிறது.

சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று கிடைக்கிறது என்பதே இதன் அளவுகோல். வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. காற்றைக் குறைத்தும் வாட்டைக் குறைக்க முடியும்.

நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள்கள் ஓடினால், 45 வாட் குறைவு என்பது 162 யூனிட் சேமிப்பு. யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் 972 ரூபாய். மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

குறை இல்லாமலும் இல்லை. விலை அதிகம். மின்னணுப் பலகை பழுதானால், சுருள் கட்டும் உள்ளூர்க் கடையில் சரிசெய்வது கடினம் என்பதால் உத்தரவாதக் காலத்தைக் கேட்டறிவது அவசியம். சுவரில் ஏற்கெனவே உள்ள ரெகுலேட்டருடன் இவ்விசிறியை இணைக்கக் கூடாது. நேரடி ஸ்விட்ச் இணைப்பே பொருத்தமானது.