பச்சை மணி, சிவப்பு மணி

ராஜகிரி, கல்யாண மகால், தேசிங்கு ராஜா என்று எழுதிக்கொண்டிருந்த டீச்சர் இன்று வேறொரு வரலாறு எழுதப் போகிறேன். பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் உங்களில் பலருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். "சித்திக்கு வயசான காலத்துல ஏன் இந்த வேலை" என்று யாராவது கேட்டால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே இதையெல்லாம் எழுதத்தான் என்று சொல்லிவிடுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஒரு வயதுக் குழந்தை இடுப்பில். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷமாவது இடைவெளி வேண்டும் என்றாள். ஃபோனைத் திறந்து ஒரு ஆப் காட்டினாள். மாதவிலக்கு வந்த தேதியைப் போட்டால் அதுவே கணக்குப் போட்டு, இன்ன நாள் பச்சை, இன்ன நாள் சிவப்பு என்று காட்டுகிறது. சிவப்பு நாளில் கணவனும் மனைவியும் சேரக் கூடாது. "புதுசா வந்திருக்கு டீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. "சிவப்புன்னு காட்டினா அவர் மூஞ்சியைத் திருப்பிக்கிறார் டீச்சர். நான் ஏதோ சாக்கு சொல்றேன்னு நினைக்கிறார்."

இந்தப் பச்சையும் சிவப்பும் நம் நாட்டுக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஃபோனில் அல்ல, கழுத்து மாலையில் வந்தது.

பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் ராமநகரம் என்று ஓர் ஊர். 'ஷோலே' படம் எடுத்த இடம் என்றால் உங்களுக்குத் தெரியும். நம் செஞ்சியைப் போலவே பாறை மேல் பாறை அடுக்கிய மலைகள். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று 65 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அரசே இப்படி ஒரு தேசியத் திட்டம் தொடங்கியதில் 1952-ல் நாம்தான் உலகத்துக்கு முன்னோடி. அப்போது சோதித்துப் பார்த்தது மாத்திரையையோ ஆபரேஷனையோ அல்ல, நாள் கணக்கைத்தான். உலக சுகாதார நிறுவனம் மூலமாக ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டரை வரவழைத்தார்கள். டெல்லியில் அரசு ஊழியர்கள் குடியிருந்த லோதி காலனி, மைசூர் ராஜ்யத்தில் இந்த ராமநகரம் என்று இரண்டு இடங்களில் சோதனை நடந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நாளை எப்படி எண்ணுவார்கள்? அதற்குத்தான் மணிமாலை. ஒரு நாளைக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை. சிவப்பு மணி வந்தால் விலகி இருக்க வேண்டும்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டை வெளிவந்தால் ஒரு நாள் அளவுதான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு ஐந்து நாள் வரை பெண் உடம்பில் தங்கும். ஆக, ஒரு சுழற்சியில் கரு உண்டாகக்கூடியது ஏறக்குறைய ஆறு நாள்தான். அந்த ஆறு நாள் எது என்பதில்தான் வம்பே. ஜப்பானில் ஒகினோ 1924-லும், ஆஸ்திரியாவில் க்னாஸ் சில வருஷம் கழித்தும் சொன்ன பிறகுதான் அது சுழற்சியின் நடுவில் வருகிறது என்று தெளிவானது. அதற்கு முன் மேல்நாட்டு டாக்டர்கள் பலர் நடு நாட்களைத்தான் பயமில்லாத நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்பி மோசம் போனவர்கள் எத்தனை பேரோ!

நம் தொல்காப்பியர் இதில் கெட்டிக்காரர். கற்பியலில் ஒரு நூற்பா இருக்கிறது. பரத்தையிடம் போய்விட்ட கணவன்கூட, மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்த பிறகு வரும் பன்னிரண்டு நாள் அவளைப் பிரிந்து இருப்பது அறமல்ல என்கிறார். கருத்தங்கும் காலம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அவர் சேரச் சொன்ன நாட்கள் அவை, விலகச் சொன்னவை அல்ல. பயிற்சிப் பள்ளியில் இந்தப் பகுதி வந்தபோது எங்கள் தமிழாசிரியர் இந்த ஒரு நூற்பாவை மட்டும் தாண்டிப் போய்விட்டார். நானே பிறகு படித்துக்கொண்டேன்.

சரி, மற்ற வழிகள் இருக்க அரசு ஏன் நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டது? அதற்கு 1935-க்குப் போக வேண்டும். அந்த டிசம்பரில் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி வார்தாவுக்கு வந்து காந்தியைப் பார்த்தார். கருத்தடைக்காகச் சிறை சென்றவர். காந்தியோ 1906-லேயே பிரம்மச்சரிய விரதம் எடுத்தவர். குழந்தை வேண்டும்போது மட்டும் சேர வேண்டும், மற்ற நேரம் பெண்கள் கணவனிடம் மறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பெண்ணுக்கும் ஆசை உண்டு, கணவனுக்கு இருக்கிற அளவுக்கு உண்டு என்று சாங்கர் வாதாடினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் நாள் கணக்கு முறையை மட்டும் காந்தி அத்தனை வெறுக்கவில்லை. சில நாளாவது அடக்கம் இருக்கிறதே என்று நினைத்தார். காந்தியிடம் பல வருஷம் செயலாளராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். மணிமாலை வந்த வழி அது.

நம் பக்கத்தில் பெரியார் அப்போதே 'குடி அரசு' பத்திரிகையில் நேர் எதிராக எழுதிக்கொண்டிருந்தார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார் அவர். நான் காந்தியை வணங்குகிறவள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பெரியாருக்கும் சாங்கருக்கும்தான் மார்க் போடுவேன்.

ராமநகரத்தில் என்ன ஆயிற்று? மணி தள்ள மறந்தார்கள். விளக்கில்லாத வீட்டில் ராத்திரி பச்சை எது, சிவப்பு எது என்று தெரியவில்லை. தடவிப் பார்த்தே தெரியட்டும் என்று மணிகளை வேறு வேறு வடிவத்தில் செய்தார்கள். சிலர் மணியைப் பின்னால் தள்ளினார்கள் என்று ஒரு பக்கமாக மட்டும் நகரும்படி கொக்கி வைத்தார்கள். வெளியில் தெரிகிற மாதிரி அணியப் பெண்கள் வெட்கப்பட்டார்கள். மாலையைப் போட்டிருந்தாலே கரு நிற்காது, அது தாயத்து மாதிரி என்று நம்பியவர்களும் இருந்தார்களாம். கடைசியில் தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

படிக்காத பெண்கள், அதனால் தோற்றது என்று அந்தக் காலத்து அதிகாரிகள் முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அரிசி கடன் வாங்கிய நாளையும் மாடு சினையான நாளையும் விரலிலேயே கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 28 மணி எண்ண வராதா? மாலை மனைவியின் கழுத்தில் இருந்தது. சிவப்பு மணி வந்த ராத்திரியில் முடிவு சொல்கிறவன் வேறொருவன். அவனுக்கு யாரும் மணி மாட்டவில்லை.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் ஒரு டீச்சரக்கா இருந்தார். கத்தோலிக்கர். 1968-ல் போப் ஆறாம் பவுல் செயற்கை முறைகள் கூடாது, இயற்கையான நாள் கணக்கு மட்டும் சரி என்று சுற்றுமடல் எழுதியிருந்தார். அதன்படி நடந்த குடும்பம். காலையில் எழுந்ததும் வாயில் தெர்மாமீட்டர் வைத்து, டிகிரி ஏறியதா என்று நோட்டில் குறிப்பார். முட்டை வெளிவந்த பிறகு உடம்புச் சூடு லேசாக ஏறும், அதுதான் அடையாளம். அவர் கணவருக்கு வெளியூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார். வந்த நாள் விலக வேண்டிய நாளாக இருந்தால் என்ன செய்வது? "இந்தக் காய்ச்சல் குச்சி எங்களுக்காக அவருக்கு லீவு மாத்திக் குடுக்குமா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றும் சொன்னார். "அந்த நாள்லதான் எனக்கே அவர் பக்கத்துல இருக்கணும்னு தோணுது." அது அவர் குறை இல்லை. கரு உண்டாகும் நாட்களில் தம்பதிகள் சேர்வது தானாகவே அதிகமாகிறது என்று பின்னாளில் ஆராய்ச்சியும் சொல்லியிருக்கிறது. விலகச் சொல்கிற நாளும் ஆசை எழுகிற நாளும் ஒன்றாக இருப்பதுதான் இந்த முறையின் கஷ்டம்.

ஆனாலும் அவர்கள் நான்கு வருஷம் இடைவெளி விட்டு இரண்டு பிள்ளைகள் பெற்றார்கள். பின்னாளில் அந்த நோட்டில் கணவரே எழுத ஆரம்பித்திருந்தார். வர முடியாத வாரங்களில் கடிதத்தில் "டிகிரி எவ்வளவு?" என்று கேட்பாராம். இந்த முறையால் நெருக்கம் கூடியது என்று சொல்கிற தம்பதிகள் இருப்பதை நான் நம்புகிறேன். அன்னை தெரசா 1979-ல் நோபல் பரிசு உரையிலேயே கல்கத்தாவின் ஏழைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதைச் சொல்லி, ஆறு வருஷத்தில் 61,273 பிறப்புகள் குறைந்ததாகக் கணக்குக் கொடுத்தார். எப்படி எண்ணினார்கள் என்று உரையில் விளக்கம் இல்லை.

நம் வீடுகளில் விலகி இருப்பது புதிதில்லை. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுவோம், சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்று. மலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். மேல்மலையனூருக்கு அமாவாசை விரதம். இதெல்லாம் நாள் கணக்காவது உண்டு. நாளே இல்லாத விலகல் ஒன்று இருந்தது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அம்மா அப்பாவோடு படுக்கக் கூடாது. மகள் பிள்ளைத்தாய்ச்சியாக வரும்போது அம்மாவும் அப்படி இருந்தால் ஊர் சிரிக்கும்.

என் அம்மா எட்டுப் பெற்றார், ஐந்து பேர் தங்கினோம். அக்கா கல்யாணம் முடிந்த அன்று ராத்திரி பாயைச் சுருட்டி அடுப்படிப் பக்கம் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 38 வயதுதான். அப்பா திண்ணைக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து, அப்பா போன பிறகு, ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன், "அப்போ உனக்கு ஆசையே இல்லையாம்மா?" என்று. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இல்லாம என்ன? யார் கேட்டா?"

நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அரசு மணிமாலையை விட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். நம் சென்னை ராஜ்யம்தான் ஐம்பதுகளிலேயே ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் கணக்குதான். ஆணுக்கு அது சின்ன ஆபரேஷன் என்று எத்தனை முறை சொன்னாலும் சரி.

மணிமாலையும் சாகவில்லை. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் கணக்கை எளிதாக்கி 32 மணியில் புது மாலை செய்தார்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை பன்னிரண்டு, மீதி பழுப்பு. 8-ம் நாள் முதல் 19-ம் நாள் வரை வெள்ளை, அப்போது விலக வேண்டும். ஜார்கண்டில் 'மாலாசக்ரா' என்ற பெயரில் கொடுத்தார்கள். சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் சீராக வருகிறவர்களுக்கு மட்டும்தான் இது. அவர்களிலும், சரியாகக் கடைப்பிடித்தாலே வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கரு நிற்கும், சாதாரணமாகக் கடைப்பிடித்தால் பன்னிரண்டு பேருக்கு.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். பால் கொடுக்கிற காலத்தில் சுழற்சி தாறுமாறாக வரும், ஆப்பை நம்பாதே, முதலில் ஆஸ்பத்திரியில் கேள் என்றேன். அடுத்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு வா என்றும் சொன்னேன். அவனும் என் மாணவன்தான், கடைசி பெஞ்ச். ஞாயிறு இருவரும் வந்தார்கள். அவனிடம் ராமநகரத்துக் கதையைச் சொன்னேன். கொக்கி வைத்த கதைக்குச் சிரித்தான். பிறகு, "அந்த ஆப் என் ஃபோன்லயும் போட்டுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். போட்டுக்கொடுத்தது அவள்தான், எனக்கு அந்த வித்தை தெரியாது.

உங்கள் பாட்டி, அம்மா யாராவது இந்த மணிமாலையையோ, பாயைச் சுருட்டிய கதையையோ சொல்லியிருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் தனியாக அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஃபோன் மட்டும் பண்ணாதீர்கள், தூங்கிவிடுவேன்.